முப்பது மைக்ரான்

செக்கானூரணி தாண்டி
ரோட்டை அகலப்படுத்த வெட்டிய இடத்தில்
ரமீஜா உடைத்துக் கொண்டுவந்த கல்.
மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுபத்தொன்று பி.
சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும்
மேசையெல்லாம் செம்மண்.

முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல்.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால்
உசிலம்பட்டி போய்ச்சேரும் தூரம்கூட இல்லை,
ஆனால் நேர் கீழே.
அங்கே தொள்ளாயிரம் டிகிரி.
சித்திரை வெயிலைத் திட்டுகிறவர்கள்
கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்கு மேலே இருந்த மலையெல்லாம்
எங்கே என்றால், கரைந்து போயிற்று.
ஐம்பது கோடி வருஷத்து மழை.
பாரம் இறங்க இறங்க
அடியில் கிடப்பது மேலே எழும்பும்,
கூட்டம் இறங்கினதும்
டவுன்பஸ் நிமிர்கிற மாதிரி.
அப்படிப் பார்த்தால் யானைமலை மலையே இல்லை.
கூரை போய், சுவர் போய்,
வெளியே தெரிகிற கடைக்கால்.

முப்பது கிலோமீட்டரை மழை பார்த்துக்கொண்டது.
மிச்சம் மூன்று மில்லிமீட்டர் எனக்கு.

இருபத்தாறு வருஷமாக இதுதான்.
வைர ரம்பத்தில் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி,
கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு
லைசென்ஸ் எடுக்கப் போனவன்போல
எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்ப்பேன்.
தலைமுடியில் பாதி கனம் வந்தால்
கல்லுக்குள் வெளிச்சம் நுழையும்.
மைக்ரோஸ்கோப்பில் குவார்ட்ஸ் மஞ்சளாய்த் தெரிந்தால்
இன்னும் தேய்க்கணும்.
மார்கழி விடிகாலைபோல் சாம்பலாய் வெளுத்தால்
கையை எடுத்துவிடணும்.
ஒரு சுற்று ஆசைப்பட்டால் கல்லே போய்விடும்.

போயிருக்கிறது.
எழுபத்தொன்று ஏ அப்படித்தான் போனது.
"விரிசல் இருந்துச்சு" என்றேன்.
ரமீஜா நம்பவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.
சுத்தியலை எடுத்துக்கொண்டு
மறுபடி அதே வெயிலுக்குப் போனாள்.

இன்றைக்குச் சரியாக வந்தது.
தட்டைத் திருப்பத் திருப்ப
ஒவ்வொன்றும் நீலம், ஆரஞ்சு என்று மாறுகிறது.
கார்னெட் மட்டும் கறுப்பு.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
வாய் திறக்காத சாட்சிபோல நடுவில்.
ஓரம் மட்டும் சிதைந்து
வேறேதோ இரண்டு கனிமம்
புழுப்புழுவாய்ப் பின்னிக் கிடக்கிறது.

ரமீஜா வெகுநேரம் பார்த்தாள்.
"அழுத்தத்துல உடையல அண்ணே.
மேல வரவர அழுத்தம் கொறஞ்சுச்சே,
அப்பத்தான் உடைஞ்சிருக்கு."

எனக்கு மைத்துனர் சொர்ணலிங்கம் ஞாபகம்.
பதினெட்டு வருஷக் கடன்.
கடைசித் தவணை ரசீதை
நாலாய் மடித்துப் பையில் வைத்தவர்
மறுநாள் எழுந்திருக்கவில்லை.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.
அவள் அதற்குள் ஓரத்தை
அளக்க ஆரம்பித்திருந்தாள்.

திருநகர் ரேஷன் கடை மெஷின்
என் கட்டைவிரலை ஒத்துக்கொள்வதில்லை.
பஞ்சவர்ணம் துடைக்கச் சொல்லும்,
தலை எண்ணெயில் தேய்க்கச் சொல்லும்.
"ரேகையே இல்லையே சார்,
எங்க கொண்டுபோய்த் தொலைச்சீங்க?"

லேப் சிங்க்கில்தான்.
கல்மாவோடு கலந்து, குழாய் வழி இறங்கி,
கிருதுமால் சாக்கடையில்
செக்கானூரணிப் பாறையும் நானும்
ஒரே கலங்கலாய்ப் போய்க்கொண்டிருப்போம்.
கிழக்கே ஏதாவது கண்மாயில் படிவோம்.
அதன்மேல் இன்னொரு வருஷத்து வண்டல்.

பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார்.
நாலாவது தடவை, இடது சுண்டுவிரல்.
பச்சை விளக்கு.
பன்னிரண்டு கிலோ அரிசி.

வீட்டில் கொட்டிப் பார்த்தால்
வழக்கம்போல் கல்.
ஒன்றில் கடுகளவு சிவப்பு இருந்தது.
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.